மருந்தும் ஆக்கவுரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள எமது சம்பூரிலே நோயுற்ற ஒருவர் மருந்துக்கடையில் வில்லையொன்றை வாங்கும்போது, அதன் விலையில் மூலப்பொருளின் பெறுமதியும் வணிகரின் இலாபமும் மட்டுமே அடங்கியுள்ளன என எண்ணுவது இயல்பு. சட்டமொன்றின் நிழலும் அவ்விலையிற் படிந்திருக்கக்கூடும் என்பதை நம்மிற் பலர் உணர்வதில்லை.

'பேற்றன்ற்' எனப்படும் ஆக்கவுரிமையே அது. புதியதொன்றைக் கண்டுபிடித்தவருக்கு, அதனைச் செய்யவும் விற்கவும் குறித்த காலத்துக்கு அரசு அளிக்கும் தனியுரிமை இதுவாகும். ஈடாக, அவர் தமது நுட்பத்தை உலகறிய வெளியிடல் வேண்டும். காலம் முடிந்ததும் அது பொதுமக்களின் உடைமையாகும். ஆகவே இது பிறப்புரிமையன்று. சமுதாயம் கண்டுபிடிப்பாளனுடன் செய்துகொள்ளும் உடன்படிக்கையே. 1474இல் வெனிஸ் அரசு இயற்றிய சட்டம் பத்தாண்டுப் பாதுகாப்பையே வழங்கியது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

உடன்படிக்கையாயின், அதன் நிபந்தனைகளைச் சமுதாயம் மாற்றவும் கூடும். இந்தியா அதனைச் செய்துகாட்டியது. 1970ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் மருந்துப் பொருளுக்கு ஆக்கவுரிமையை மறுத்து, அதனைச் செய்யும் முறைக்கு மட்டும், ஆகக் கூடியது ஏழாண்டுக்கு, உரிமை வழங்கிற்று. வேறுமுறையால் அதே மருந்தைச் செய்யும் நிறுவனங்கள் அங்கு தழைத்தன. ஆளொருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் விலையிருந்த எயிட்ஸ் நோய்க்கான கூட்டு மருந்தை, 2001இல் சிப்லா நிறுவனம் 350 டொலருக்கு வழங்க முன்வந்தமை இதன் விளைவேயாம்.

இலங்கையில் பேராசிரியர் சேனக பிபிலே வேறொரு வழியை நாடினார். ஆக்கவுரிமை முடிந்த பின்னரும் வணிகப் பெயரின் செல்வாக்கினால் விலை குறையாதிருப்பதை உணர்ந்து, பொதுப்பெயரால் மருந்து வாங்கும் முறையை வற்புறுத்தினார். 1971இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே.

1995இல் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, ஆக்கவுரிமைக் காலத்தை இருபதாண்டாக்கியது. இந்தியாவும் 2005 முதல் மருந்துப் பொருளுக்கு உரிமை வழங்கலாயிற்று. எனினும், பொதுச் சுகாதாரத்தைக் காக்கும் உரிமை நாடுகளுக்கு உண்டென 2001ஆம் ஆண்டின் டோகாப் பிரகடனம் உறுதிசெய்தது. இலங்கையின் புலமைச் சொத்துச் சட்டமூலம் 2003இல் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, கட்டாய அனுமதி, சமாந்தர இறக்குமதி போன்ற தணிப்பு ஏற்பாடுகளின்றி அது சமத்துவ உரிமைக்கு முரணாகும் என மன்று தீர்மானித்தது. அதன் பின்னரே அவ்வாண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிற்று.

கண்டுபிடிப்பாளனுக்கு ஊதியம் இன்றேல் புதுமருந்து தோன்றாது என்பாரின் கூற்றைப் புறக்கணித்தல் ஆகாது. ஆயின், தோன்றிய மருந்து நோயாளியின் கைக்கு எட்டாதாயின் அவ்வுடன்படிக்கையாற் சமுதாயம் பெற்ற பயன் யாது? சட்டத்தில் இடம்பெற்ற தணிப்பு ஏற்பாடுகள் ஏட்டளவில் நின்றுவிடாது, தேவை நேரும்போது சம்பூர் போன்ற சிற்றூர்களின் நோயாளருக்கும் பயன்படச் செய்தல் அரசினதும் கற்றோரினதும் கடமையாகும்.