வருமுன் காத்தல்

நீரிழிவு நம் நாட்டிற்குப் புதிதன்று. சரகரும் சுசுருதரும் அதனை மதுமேகம் எனக் குறித்தனர். மெலிந்தோர்க்கு வருவது ஒருவகை, பருத்தோர்க்கு வருவது மற்றொருவகை எனப் பகுத்து, பின்னவர்க்கு நடையையும் உடலுழைப்பையும் விதித்தனர். ஆயினும் வந்த நோயைத் தணிப்பதே நெடுங்காலம் மருத்துவத்தின் கவலையாயிருந்தது. 1921-இல் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டனர். மறு ஆண்டு அது ஒரு சிறுவனின் உயிரைக் காத்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார்.

நோய் வருமுன்னரே தடுக்க இயலுமா என்ற வினா பின்னரே வலுப்பெற்றது. இரத்தத்தில் சர்க்கரை சற்று மிகுந்தும், நோய் என்னும் அளவை எட்டாதும் நிற்கும் இடைநிலை ஒன்றுண்டு. அதில் வலியில்லை, ஆதலால் உடையவரே அதனை அறியார். சீனத்தின் தாச்சிங் நகரில் 1986-இல் இத்தகையோர் 577 பேரைக் கொண்டு ஆய்வு தொடங்கிற்று. உணவு முறையும் உடற்பயிற்சியும் நோயைக் குறைத்ததை அது காட்டியது. அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஆய்வில், இம்முறையால் நோய் காண்போர் தொகை 58 விழுக்காடு குறைந்தது.

இந்தியருக்கோ இளவயதிலேயே, அதிகம் பருக்காத உடலிலும், நீரிழிவு வருகிறது. நமக்கும் இவ்வழி பயன்படுமா? டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006-இல் விடை தந்தது. மூன்றாண்டில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். வாழ்க்கை முறையைத் திருத்தியோரில் 39 பேரே நோயுற்றனர். மெட்பார்மின் மாத்திரையைச் சேர்த்ததால் கூடுதல் நன்மை விளையவில்லை.

வழி தெரிந்தது, அது எளியோரைச் சென்றடைவது எங்ஙனம்? வெறும் வயிற்றோடு சென்று, குளுக்கோஸ் நீர் பருகி, இரண்டு மணி நேரம் காத்திருக்கத் தினக்கூலிக்கு ஏது ஓய்வு? 2005-இல் சென்னையில் உருவான இந்திய நீரிழிவு இடர் மதிப்பீடு இதற்கு ஒரு வழி கண்டது. வயது, இடுப்பளவு, பெற்றோர்க்கு நோயுண்டா என்பது, உடலுழைப்பு ஆகிய நான்கே போதும். 60 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்றவர் இரத்தப் பரிசோதனைக்குச் செல்லவேண்டும். 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வில், கைப்பேசிக் குறுஞ்செய்தியாக அறிவுரை பெற்ற ஆடவரில் ஈராண்டில் நூற்றுக்கு 18 பேர் நோயுற்றனர். பெறாதோரில் 27 பேர். பெண்கள் அதில் சேர்க்கப்படவில்லை என்பது குறையே.

2010-இல் 100 மாவட்டங்களில் தொடங்கிய தேசியத் திட்டம் பின்னர் விரிவுற்றது. 30 வயது கடந்தோர்க்கு அரசு நலவாழ்வு மையங்களில் பரிசோதனை செய்யும் ஏற்பாடு இன்று உண்டு. ஆயினும் 2023-இல் வெளியான கணக்கின்படி நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர். 13 கோடிக்கு மேற்பட்டோர் இடைநிலையில் உள்ளனர்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நமக்கு இதில் தனிக்கடமை உண்டு. வீட்டு வாயிலில் வந்து வினவும் சுகாதாரப் பணியாளரின் மொழி நம் வீட்டு முதியோர்க்கு விளங்காது போகலாம். அவர்தம் அருகமர்ந்து மொழிபெயர்ப்பது இளையோர் கடன். சோற்றின் அளவைக் குறைக்கும் வகையைச் சோறு உண்போரே தம்மவர்க்கு நன்கு உணர்த்தவல்லர். ஓர் அளவு நாடாவும் நான்கு வினாக்களும் நம் தமிழ்ச் சங்கங்களுக்கு அரிய பொருள்கள் அல்ல. பொங்கல் விழாவிற்குக் கூடும் நாளில் அவற்றிற்கும் ஒரு மேசை இடுவோமாயின், தம்மிடம் உள்ளதை அறியாத சிலரேனும் உரிய காலத்தில் அறிந்துகொள்வர்.