ஜெனரேட்டரை பிளக் பாயின்ட்ல சொருகுறீங்களா? ஒரு லைன்மேன் உயிர் போகலாம்!

புயலுக்குப் பிறகு மூணு நாளா கரன்ட் இல்ல, போன்ல 4% சார்ஜ். பக்கத்துத் தெருவுல ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைக்குது. உடனே எடுத்துட்டு வந்து, ரெண்டு பக்கமும் பிளக் மாட்டின ஒயரால வீட்டு பிளக் பாயின்ட்ல சொருகிடலாம்னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க!

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட நேரத்தில்தான் இந்த ஆபத்து அதிகம்.

அப்படி என்ன ஆபத்து?

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டைக் குறைச்சு 230 வோல்ட்டா நம்ம வீட்டுக்கு அனுப்புது. ஜெனரேட்டர் கரன்ட் மீட்டர் வழியா வெளியே போனா, அதே டிரான்ஸ்ஃபார்மர் அதை 11,000 வோல்ட்டா உயர்த்திடும். 'லைன் ஆஃப்ல இருக்கு'ன்னு நம்பிக் கம்பம் ஏறினவரோட கதி?

'மெயினை ஆஃப் பண்ணிட்டேனே'ன்னு சொல்லலாம். ஆனா, விஷயம் தெரியாம வீட்டுல ஒருத்தர் அதை ஆன் பண்ணினா போதும். தவிர, அந்த ஒயரோட ஒரு பிளக் கழன்று விழுந்தா, வெளியே தெரியும் பின்களில் கரன்ட் இருக்கும்.

தீர்வு என்ன?

சேஞ்ச்ஓவர் சுவிட்ச்! இதில் 'இ.பி - ஆஃப் - ஜெனரேட்டர்' என மூணு நிலை. ஒரே நேரத்தில் ரெண்டும் சேரவே முடியாது. சிங்கிள் பேஸ் வீட்டுக்கு டூ போல், த்ரீ பேஸுக்கு ஃபோர் போல் வாங்குங்க. அப்போதான் நியூட்ரலும் பிரியும். லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வெச்சு, எர்த்தோட மாட்டுங்க. சேஞ்ச்ஓவர் இல்லையா? ஃபேன், போன் சார்ஜரை மட்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூலமா ஜெனரேட்டரிலேயே நேரடியா சொருகிக்கோங்க.

இயக்கும் முறை

* எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணிட்டு ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணுங்க. சீராக ஓடியதும் சேஞ்ச்ஓவரை மாத்தி, ஒவ்வொண்ணா ஆன் பண்ணுங்க.

* 1 ஹெச்.பி மோட்டார் ஓடும்போது சுமார் 1,000 வாட்ஸ். ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு. சின்ன ஜெனரேட்டர் தாங்காது.

* ஜெனரேட்டரை வீட்டுக்குள்ள, வராண்டாவுல, ஜன்னல் பக்கத்துல வைக்காதீங்க. புகையில இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறிச்சிடும்.

* ஆஃப் பண்ணி, சூடு ஆறின பிறகே பெட்ரோல் ஊத்துங்க.

நம்ம வீட்டுக்குக் கரன்ட் கொண்டுவரத்தான் அவர் கம்பம் ஏறுறார். அவர் பத்திரமா இறங்கணும்ல?