லூயிபூர்க்கும் மாடிப் பூங்காவும்

1748-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆகன் நகரில் ஐரோப்பிய அரசுகள் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. பிரெஞ்சுக்காரர் அந்நகரை எக்ஸ்-லா-ஷாப்பேல் என்பர். போரில் பிடித்தவற்றை அவரவர் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வட அமெரிக்காவின் கேப் பிரெட்டன் தீவிலிருந்த லூயிபூர்க் கோட்டை நகரம் ஆங்கிலேயர் வசமிருந்தது. 1746 செப்டம்பரில் லா பூர்தொனே கைப்பற்றிய மதராசப்பட்டணம் பிரெஞ்சுக்காரர் வசமிருந்தது. அது இவர்களுக்கும் இது அவர்களுக்குமாகக் கைமாறின. இரண்டு ஊர் மக்களையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தப் பண்டமாற்றை நம் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. வடசென்னையைப் புரிந்துகொள்ள அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். பிரான்சின் எல்லைப் பகுதி என்றதும் அல்சாஸ் நினைவுக்கு வரும். ஏறத்தாழ மூன்றாண்டுகள் சென்னையும் அப்படியொரு எல்லைப்புற ஊராக இருந்தது. அதற்குப் பின்னும் நெடுங்காலம் எல்லைப்புறத்துக்குரிய அச்சத்தோடு வாழ்ந்தது.

கோட்டைக்கு வடக்கே, இன்று உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் இடத்தில்தான் முதல் கறுப்பர் பட்டணம் இருந்தது. நெசவாளரும் வணிகரும் துபாஷிகளும் வாழ்ந்த தெருக்கள் அவை. கோட்டைச் சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் பகைவன் அவற்றின் மறைவில் நெருங்கிவிடுவான் என்று கருதிய பிரெஞ்சுக்காரர், கோட்டையை அடுத்திருந்த பகுதியை இடித்தனர். 1749 ஆகஸ்டில் ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர் எஞ்சியதையும் இடித்துப் பணியை நிறைவு செய்தனர். இருவரும் ஒத்துப்போன விஷயங்களில் இது ஒன்று எனலாம்!

அந்த இடிப்பில் பட்டணம் கோயிலும் போயிற்று. சென்ன கேசவப் பெருமாளும் சென்ன மல்லீசுவரரும் இன்றைய பூக்கடைப் பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். புதிய கோயில் எழ முன்னின்றவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயரை ஆதரித்த அதே புரவலர்தான். இலக்கிய வரலாற்றில் ஒரு புரவலராக மட்டும் நாம் அறிந்த மனிதர், இடிபட்ட ஊரொன்றின் தெய்வங்களுக்கு இடம் தேடியவராகவும் இருந்திருக்கிறார்.

ஆனந்தரங்கம் பிள்ளையையும் இங்கே நினைக்க வேண்டும். 1709-இல் பெரம்பூரில் பிறந்தவர், புதுச்சேரியில் துய்ப்ளெக்சின் துபாஷியாக உயர்ந்தவர். மதராஸ் வீழ்ந்ததையும், பதினொரு லட்சம் வராகன் மீட்புத்தொகை தொடர்பாக லா பூர்தொனேயும் துய்ப்ளெக்சும் பிணங்கிக்கொண்டதையும் அவர் தம் நாட்குறிப்பில் அன்றாடத் தமிழில் எழுதிவைத்தார். தன் பிறந்த மண்ணைப் பிடித்தவரின் பக்கம் நின்று எழுதியவரின் மனம் எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வியோடு அந்தப் பக்கங்களைப் படித்துப் பாருங்கள்; வேறொரு நூலாகத் தெரியும்.

1758 டிசம்பரில் லாலி படையோடு வந்தான். முத்தியாலுப்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் அவன் கைக்குள் வந்தன; கோட்டை வரவில்லை. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் தென்பட்டதும் முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கினான். கோட்டைக்கு வெளியே இருந்த ஆங்கிலேயர் இடுகாட்டின் கல்லறைகளை அவன் வீரர்கள் அரணாகப் பயன்படுத்தினார்களாம். அதனால் பின்னர் கல்வெட்டுப் பலகைகளைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் புனித மேரி ஆலய முற்றத்தில் பதித்தனர். கோட்டைக்குள் செல்பவர்கள் அம்முற்றத்தில் இன்றும் அவற்றின் மீதுதான் நடக்கிறார்கள்.

1769-இல் ஹைதர் அலி நகரின் வாயில்வரை வந்து சமாதானம் பேசிச் சென்ற பிறகே, பேட்டைகளையும் காக்க வேண்டும் என்ற ஞானம் கும்பெனிக்குப் பிறந்தது. பால் பென்ஃபீல்டு என்ற ஒப்பந்தக்காரர் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினார். செலவைக் குடிகளிடம் வரியாகத் தண்ட நினைத்தனர். அந்த வரி வசூலாகவே இல்லை, பெயர் மட்டும் நிலைத்தது. இன்று வ.உ.சி. சாலை என்று பலகை சொன்னாலும் ஆட்டோக்காரரிடம் வால்டாக்ஸ் ரோடு என்றுதான் சொல்லியாக வேண்டும்.

வடக்கு மதில் பழைய ஜெயில் ரோட்டை ஒட்டிச் சென்றது. மதிலுக்கு உள்ளே இருந்தது பட்டணம். வெளியே கடலோரத்தில் இராயபுரம், அதற்கு அப்பால் திருவொற்றியூர், எண்ணூர். வடசென்னை பட்டணத்துக்கு வெளியே உள்ளது என்ற எண்ணம் இந்த மதிலோடு சேர்ந்து எழுந்தது என்றே நான் கருதுகிறேன். பிற்காலத்தில் இரயில், எண்ணெய்த் தொட்டி, அனல்மின் நிலையம் எல்லாம் வடக்கே போய்ச் சேர்ந்ததற்குத் துறைமுகமும் நில விலையும் காரணங்கள்தாம். ஆனாலும் 'வெளியே' என்ற சொல் அதற்கு முன்பே அங்கே தயாராக இருந்தது.

அந்த மதிலில் எஞ்சியது பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு துண்டு. அதன் உச்சியில் மாநகராட்சி பூங்கா அமைத்ததால் மக்கள் மாடிப் பூங்கா என்று பெயரிட்டுவிட்டனர். எதற்காகக் கட்டிய மதில் என்பதை அந்தப் பெயர் சொல்லாது. என் மாணவியரில் இராயபுரத்திலிருந்து வருபவர்கள் உண்டு. சிறுவயதில் விளையாடிய பூங்கா ஒரு கோட்டைமதில் என்று வகுப்பில் கேட்டுத் திகைத்தவர்கள் அவர்கள்.

கோட்டை அருங்காட்சியகத்துக்கும் போகலாம்; வெள்ளிக்கிழமை விடுமுறை. 1948-இல் தொடங்கப்பட்டது. காரன்வாலிஸ் சிலை, ஆளுநர்களின் பெரிய ஓவியங்கள், வாள், துப்பாக்கி, நாணயங்கள் உண்டு. 1947 ஆகஸ்டு 15-இல் கோட்டையில் ஏற்றிய தேசியக்கொடியும் உள்ளது. அதை மட்டும் பார்க்கவே போகலாம். பிரெஞ்சுக்காரர்களுக்கென ஒரு காட்சிக்கூடமும் உண்டு. அதில் பீங்கானும் கடிகாரமும் மரச்சாமான்களும் இருக்கின்றன. இடித்துத் தள்ளப்பட்ட தெருக்கள் காட்சிக்கூடங்களில் இடம்பெறவில்லை.

பண்டமாற்றின் மறுபாதியான லூயிபூர்க் என்ன ஆயிற்று? 1758-இல் ஆங்கிலேயர் மீண்டும் பிடித்தனர். 1760-இல் அரண்களை வெடிவைத்துத் தகர்த்தனர். இருநூறு ஆண்டுகள் புல் முளைத்துக் கிடந்தது. 1961-இல் கனடிய அரசு அதன் நாலில் ஒரு பகுதியை மீண்டும் கட்டத் தொடங்கியது. காரணம் வரலாற்றுப் பற்று மட்டுமன்று. கேப் பிரெட்டனில் நிலக்கரிச் சுரங்கங்கள் நலிந்து தொழிலாளர் வேலையிழந்திருந்தனர். அவர்களுக்குக் கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்பித்துக் கோட்டையை எழுப்ப வைத்தார்கள். ஆளுநர் மாளிகையோடு மீனவர் வீடும் அங்கே உண்டு. இன்று அது கனடாவின் பெரிய திறந்தவெளி அருங்காட்சியகங்களில் ஒன்று.

இதைப் படித்தபோது 1996-இல் மூடப்பட்ட பெரம்பூர் பின்னி ஆலை என் நினைவுக்கு வந்தது. லூயிபூர்க்கைப் போல இங்கும் பழைய தெருக்களைக் கட்டியெழுப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பொய்க்கோட்டைகளில் எனக்கு விருப்பமில்லை. உயர் நீதிமன்றத்தையும் யாரும் பெயர்க்கப் போவதில்லை. மாடிப் பூங்காவின் அடிச்சுவரில் நாலு வரித் தமிழில் ஒரு கல், பாரதி மகளிர் கல்லூரி வளாகத்தில் எஞ்சியுள்ள பழைய சிறையறைகளுக்கு முறையான பராமரிப்பு, 1856-இல் திறந்த இராயபுரம் இரயில் நிலையம்வரை நடந்து பார்க்க ஒரு வரைபடம். இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

இடித்த நிலத்தில் மறுபடி வீடு கட்டக் கூடாது என்று எல்லை காட்ட ஆறு தூண்கள் நட்டனர். அவற்றில் ஒன்று பாரி முனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் இன்னும் நிற்கிறது. 1773 ஜனவரி 1 என்று அதில் பொறித்திருக்கிறது. பேருந்துக்குக் காத்திருக்கும்போது பார்த்துவிடலாம்.