ரெண்டாவது பட்டத்துக்கு யார் காசு கொடுப்பாங்க?

கொஞ்சம் நீளமான இழை. உங்க வீட்டில் யாராவது "இன்னொரு டிகிரி படிக்கணும்"னு சொல்லிட்டு இருந்தா கடைசி வரை படிங்க.

போன வாரம் ஓ.பி.யில் ஒரு பெண். வயது 26. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் வேலை. அப்பா அதே சிப்காட்டில், இரும்பு உருக்கும் ஆலையில் கான்ட்ராக்ட் தொழிலாளி. தலைவலிக்கு வந்தவர், சீட்டு எழுதி முடித்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், எனக்கு நர்சிங் படிக்கணும்னு ஆசை. முதல் படிப்புக்கு அப்பா எப்படியோ சமாளிச்சிட்டார். ரெண்டாவதுக்கு யார் சார் காசு தருவாங்க?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் இந்தக் கேள்வி புதுசு இல்லை. நம்ம சென்னையில் இதுக்கு நூறு வருஷ வரலாறு இருக்கு.

முதல் ஆள், எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் கட்டியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ்.க்குப் பதில் எல்.எம்.எஸ். என்ற குறைந்த பட்டத்தோடு வெளியே வந்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தார்.

காசு? மாமனார் திரட்டிக் கொடுத்தது ஒரு பங்கு. காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை கொடுத்தது இன்னொரு பங்கு. அதுவும் போதவில்லை. 1920-களின் பாஸ்டனில், மருத்துவம் படித்த மனிதர் ஆஸ்பத்திரியில் இரவு நேரக் கடைநிலை ஊழியராக வேலை பார்த்துப் படித்தார். 1930-ல் பிஎச்.டி.

முடக்குவாதத்துக்கு இன்னைக்கும் நாங்க எழுதுற மெத்தோட்ரெக்சேட், அவர் தலைமையில் நடந்த ஆய்வுகளில் பிறந்த மருந்து. ஆனால் சில வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிப் போனவர், 1948-ல் இறக்கும் வரை ஊர் திரும்பவே இல்லை. அந்தப் படிப்புக்கு அந்த அம்மாவும்தான் விலை கொடுத்தாங்க.

அடுத்தது ராயபுரம். பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் வழியில் வருமே, அதே ராயபுரம். இன்றைய ஸ்டான்லி அன்றைக்கு வெறும் மெடிக்கல் ஸ்கூல். அங்கே படித்தவர்களுக்கு எல்.எம்.பி. என்ற லைசென்ஸ் மட்டும்தான். 1938-ல் அது கல்லூரியாகி எம்.பி.பி.எஸ். வந்தது. 1946-ல் போர் கமிட்டி, நாட்டில் இனி ஒரே வகை டாக்டர்தான் இருக்கணும் என்றது.

ஏற்கெனவே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த எல்.எம்.பி.க்களுக்கு சுருக்கப்பட்ட எம்.பி.பி.எஸ். படிப்பு வந்தது. கிளினிக்கும் குடும்பமும் இருக்கிற வயசில் திரும்ப பெஞ்சில் உட்காரணும்! இங்கே பெரிய செலவு ஃபீஸ் இல்லை. படிக்கிற காலத்தில் வராமல் போகும் வருமானம். இதை மனசில் வச்சுக்கோங்க.

மூன்றாவது வழியைக் கண்டது தமிழ்நாடு அரசு. அதுதான் சர்வீஸ் கோட்டா. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் அரசு டாக்டர்களுக்கு பி.ஜி. இடங்களில் பாதி. படிக்கும்போதும் சம்பளம் உண்டு. படித்து முடித்து அரசுப் பணிக்கே திரும்ப வேண்டும் என்று பத்திரம் எழுதித் தரணும். நானும் அப்படிப் படித்தவன்தான். மாசம் பிறந்தால் சம்பளம் வந்ததால்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது.

2017-ல் மத்திய விதிகளால் இந்தக் கோட்டா பறிபோனது. டாக்டர்கள் போராடினார்கள், வழக்கு நடந்தது. 2020 ஆகஸ்ட் 31 அன்று, சர்வீஸ் டாக்டர்களுக்கு இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பு சொன்னது.

இப்போ அந்தப் பெண்ணிடம் திரும்பி வருவோம்.

நம்ம உதவித் திட்டங்களில் பெரும்பாலானவை "முதல்" என்ற சொல்லைச் சுற்றிக் கட்டியவை. 2010-ல் வந்த முதல் பட்டதாரி கட்டணச் சலுகையைப் பாருங்க. அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவரேதான். அதனாலேயே இனி அந்தச் சலுகை இல்லை! 2009-ல் மத்திய அரசு கொண்டுவந்த கல்விக்கடன் வட்டி மானியமும் ஒரு முறைதான். முதல் இளங்கலைக்கு வாங்கலாம், இல்லை முதுகலைக்கு வாங்கலாம். ரெண்டாவது இளங்கலைக்குக் கிடையாது.

இதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். வாசலையே மிதிக்காதவர்களை முதலில் உள்ளே விடணும், சரிதான். ஆனால் தவறான அறைக்குள் போய்விட்டவர் கதவு மாறணும் என்றால், மொத்தச் செலவும் அவர் தலையில்.

அவரிடம் நான் சொன்னது இதுதான். "கடனே கிடைக்காதுன்னு நினைக்காதேம்மா. கடன் உத்தரவாதத் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் கேட்கலாம். வட்டி மானியம்தான் இருக்காது. முதலில் அரசுக் கல்லூரி இடத்துக்கு முயற்சி பண்ணு. ஃபீஸை மட்டும் கூட்டாதே. நாலு வருஷம் வராத சம்பளத்தையும் சேர்த்துக் கூட்டு. அப்புறம் முடிவு எடு."

உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கு. 500 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் ஆம்புலன்ஸ் ரூமும் நர்சிங் ஊழியர்களும் இருக்கணும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. இந்த ஊருக்கு நர்ஸ் தேவை. இந்த ஊர்ப் பொண்ணு நர்ஸ் ஆகத் தயார். "நாங்க படிக்க வைக்கிறோம், மூணு வருஷம் எங்களுக்கு வேலை பாரு" என்று ஒரு கம்பெனி சொன்னால் போதும். டாக்டர்களான எங்களுக்கு அரசு செய்தது இதே ஒப்பந்தம்தானே?

சிப்காட்டில் ஹெச்.ஆர். வேலையில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால், உங்க மேனேஜ்மென்டிடம் ஒரு தடவை பேசிப் பாருங்க. அந்தப் பொண்ணு அடுத்த மாசம் ரிவ்யூவுக்கு வருவாங்க. அதுக்குள் சொல்ல ஒரு நல்ல பதில் கிடைத்தால் சந்தோஷப்படுவேன்.