மர்யம் ஜமீலாவின் ஹிஜ்ரத்

1961ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் ஹஜ்ஜுப் பெருநாள். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஷைகு தாவூது அஹ்மது ஃபைசல் நடத்திவந்த இஸ்லாமிய நிலையத்தில், பெருநாள் தொழுகை முடிந்தபின், இரு சாட்சிகள் முன்னிலையில் ஒரு யூதப் பெண்மணி கலிமா மொழிந்தார். முதல் நாள்தான் அவருக்கு இருபத்தேழு வயது நிரம்பியிருந்தது. மார்கரெட் மார்க்கஸ் என்னும் பெயர் அன்றோடு மர்யம் ஜமீலா என்றாயிற்று. ஓராண்டுக்குப்பின் அவர் ஒரு சரக்குக் கப்பலில் ஏறிப் பாகிஸ்தானுக்குப் புறப்பட்டார். 2012இல் லாகூரில் கண்மூடும்வரை பிறந்த நாட்டுக்கு அவர் திரும்பவேயில்லை.

இஸ்லாத்தைத் தழுவிய மேலைநாட்டார் வரலாறுகள் நம்மிடையே நிறைய எழுதப்பட்டுள்ளன. அவை பெரும்பாலும் கலிமாவோடு முடிந்துவிடுகின்றன. ஒருவர் மார்க்கத்தை ஏற்பது ஒரு செயல்; அம்மார்க்கத்தார் வாழும் நாட்டில் போய்க் குடியேறுவது வேறொரு செயல். முன்னது உள்ளத்தில் நிகழ்வது. பின்னதோ மொழியிலும் வெயிலிலும் அடுக்களையிலும் அண்டை வீட்டாரிடமும் நாள்தோறும் நிகழ்வது. மர்யம் ஜமீலா இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியே கப்பலேறினார். அவருடைய வாழ்க்கையை வரலாறாக எழுதப் புகுவோர் இந்த இரண்டாம் செயலையே கூர்ந்து நோக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நியூயார்க் மாநிலத்தின் நியூ ரோஷெல் நகரில் 1934ஆம் ஆண்டு பிறந்தவர் மார்கரெட். ஜெர்மானிய யூத வழிவந்த குடும்பம். வசதி உண்டு, மார்க்கப் பிடிப்புக் குறைவு. சிறுவயதிலேயே அவருக்கு அரபு மக்கள்மீது விளங்கவொண்ணாத ஈர்ப்பு ஏற்பட்டது. அரபு இசைத்தட்டுகளைத் தேடி வாங்கி, உம்மு குல்தூமின் குரலை வீட்டார் பொறுமை இழக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பாராம். பன்னிரண்டு வயதளவில் ‘அஹ்மது கலீல்’ என்னும் கதையை எழுதத் தொடங்கி, அதற்குத் தாமே படங்களும் வரைந்தார். கதைத் தலைவன் ஒரு பாலஸ்தீன அகதி. இஸ்ரேல் உருவான காலத்தில் ஒரு யூதச் சிறுமி நியூயார்க்கில் அமர்ந்து இப்படி ஒரு கதை எழுதியது, பின்னர் நடந்த அனைத்தையும்விட எனக்கு வியப்பளிக்கிறது. ஒரு முஸ்லிமையேனும் நேரில் அறியுமுன்பே அவர் மனத்தில் ஒரு முஸ்லிம் நாடு வரையப்பட்டுவிட்டது.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ரப்பி ஆபிரகாம் காட்ஷ் என்பாரின் வகுப்பில் அவர் அமர்ந்தார். இஸ்லாத்தில் காணப்படும் யூதக் கூறுகளைப் பற்றிய பாடம் அது. ஆசிரியர் நிறுவ முயன்றதற்கு நேர்மாறான முடிவுக்கு மாணவி வந்துசேர்ந்தார். பிக்தாலின் குர்ஆன் மொழிபெயர்ப்பும், முஹம்மது அஸதின் ‘மக்காவுக்குச் செல்லும் பாதை’யும் அவர் கைக்கு வந்தன. ஆனால் படிப்பு முற்றுப்பெறவில்லை. மனநோய் அவரைப் பற்றியது. 1957 முதல் 1959 வரை அவர் மருத்துவமனையில் இருந்தார். இதனை எழுதலாமா என்ற தயக்கம் இருக்கத்தான் செய்கிறது. எனினும் இச்செய்தி அவர் வாழ்ந்த காலத்திலேயே, 2011இல் டெபோரா பேக்கர் எழுதிய நூலின்வழி உலகறிந்ததாகிவிட்டது. நோயுற்றிருந்த ஓர் உள்ளம் தேடிக் கண்ட உண்மை உண்மையல்லாமற் போகாது. ஆகவே மறைக்க வேண்டியது எதுவுமில்லை.

மருத்துவமனையிலிருந்து வெளிவந்தபின் அவர் முஸ்லிம் உலகின் அறிஞர்களுக்குக் கடிதங்கள் எழுதலானார். பாரிசிலிருந்த டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ், அல்ஜீரியாவின் ஷைகு பஷீர் இப்ராஹீமி ஆகியோர் அவர்களுள் அடங்குவர். 1960 டிசம்பரில் லாகூரிலிருந்த மௌலானா அபுல் அஃலா மௌதூதிக்கு எழுதினார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளிவந்த ஓர் இதழில் மார்கரெட்டின் கட்டுரையை மௌலானாவும் முன்னரே படித்திருந்தார். ஒன்றரை ஆண்டுக்காலம் நடந்த அக்கடிதப் போக்குவரத்து பின்னர் நூலாகவும் வெளிவந்தது. ஓர் இளம் முஸ்லிம் பெண் தனியே அமெரிக்கச் சூழலில் தன் மார்க்கத்தைக் காத்து வாழ்வது அரிது. பாகிஸ்தானுக்கு வந்து என் வீட்டில் என் மக்களுள் ஒருத்தியாக இருக்கலாம் என்பது மௌலானாவின் அழைப்பு. நேரில் கண்டிராத ஒரு பெண்ணுக்கு ஒன்பது பிள்ளைகளைப் பெற்ற ஒரு தந்தை விடுத்த அழைப்பு அது. அதன் பெருந்தன்மையை ஐயுற இடமில்லை.

அவர் வந்திறங்கிய நாடு எப்படி இருந்தது? அயூப்கானின் இராணுவச் சட்டம் 1962 ஜூன் 8இல்தான் விலக்கப்பட்டிருந்தது. அன்று நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பில் நாட்டின் பெயர் ‘பாகிஸ்தான் குடியரசு’ என்று மட்டுமே இருந்தது. 1956ஆம் ஆண்டு அமைப்பில் இருந்த ‘இஸ்லாமிய’ என்ற அடைமொழி நீக்கப்பட்டிருந்தது. எதிர்ப்பு எழுந்தபின் 1963இல் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. இஸ்லாமிய நாட்டைத் தேடிக் கடல் கடந்து ஒருவர் வந்திறங்குகிறார். அந்த நாடோ அந்தச் சொல்லை அப்போதுதான் தன் பெயரிலிருந்து எடுத்துவிட்டிருக்கிறது. மர்யம் எதிலிருந்து விலகி வந்தாரோ அதனையே நோக்கி லாகூரின் படித்த வகுப்பார் சென்றுகொண்டிருந்தனர். ஆங்கிலப் பள்ளியும் மேலைநாட்டு உடையும் அவர்களுக்கு உயர்வின் அடையாளங்கள். மர்யம் ஜமீலா பின்னாளில் எழுதிய நூல்களில் மேலை நாட்டாரைவிடக் கடுமையான கண்டனத்துக்கு உள்ளானவர்கள் மேலை நாகரிகத்தை நாடிய முஸ்லிம்களே. துருக்கியின் கமால் அத்தாதுர்க், எகிப்தின் தாஹா ஹுசைன், நம் சர் சையது அஹ்மது கான் ஆகிய எவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்தச் சினத்தின் ஊற்று அமெரிக்காவில் மட்டுமன்றி லாகூரிலும் இருந்தது என்றே கருதுகிறேன்.

லாகூரின் இச்சரா பகுதியில் இருந்த மௌதூதியின் இல்லம் அமைதியான குடும்ப வீடன்று. இயக்கத்தின் அலுவலகமும் அதுவே. மர்யத்துக்கு உருது தெரியாது. கடிதங்களில் நீண்டு பேசிய மௌலானா, நேரில் நேரமில்லாத தலைவர். அறிவுத் தோழமை நாடி வந்தவர் பெண்கள் பகுதியில் விருந்தாளியாக அமர வேண்டியிருந்தது. சில மாதங்களில் அவர் லாகூருக்குத் தெற்கே பட்டோக்கி என்னும் சிற்றூரில் வேறொரு குடும்பத்தாரிடம் அனுப்பப்பட்டார். 1963இல் லாகூர் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

இந்தப் பகுதியில் யாரைக் குறைகூறுவது? மௌலானாவைக் கடிந்து எழுதியோரும் உண்டு. மர்யத்தைக் கடிந்து எழுதியோரும் உண்டு. எனக்கு வழக்குரைக்கும் நோக்கமில்லை. ஆனால் ‘ஹிஜ்ரத்’ என்ற சொல்லை நாம் எளிதாக ஆளுகிறோம். உமறுப் புலவர் தம் சீறாப்புராணத்தில் ஒரு காண்டத்துக்கே அப்பெயரிட்டதால் தமிழ் முஸ்லிம்களுக்கு அது வீட்டுச் சொல்லாகிவிட்டது. மதீனாவுக்கு வந்த முஹாஜிர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பொதுவாக ‘வருக’ என்று சொல்லி விட்டுவிடவில்லை. ஒவ்வொருவரையும் ஓர் அன்சாரியோடு பெயர் சொல்லிச் சகோதரராக இணைத்தார்கள். பாரசீகத்திலிருந்து பல மார்க்கங்களைக் கடந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக வாய்த்தவர் அபூதர்தா (ரலி) அவர்கள். ஸல்மான் அவ்வீட்டுக்குச் சென்றபோது வீட்டுக்காரர் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்து மனைவியை மறந்திருக்கக் கண்டார். ‘நீர் உண்ணாமல் நான் உண்ணேன்’ என்று அவரை உண்ணச் செய்தார். இரவில் உறங்கச் செய்தார். இறைவனுக்கு இருப்பதுபோல் உடலுக்கும் இல்லாளுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று எடுத்துரைத்தார். செய்தி எட்டியபோது ஸல்மான் சொன்னதே சரி என்றார்கள் நபிகள் நாயகம். வந்தேறிய அயல்நாட்டார், புகலளித்தவரின் வீட்டுக்குள் நின்று அவரைத் திருத்தினார். திருத்தவும் அவருக்கு உரிமை இருந்தது. சகோதரத்துவத்தின் இந்த இரண்டாம் பாதி நம் பேச்சுகளில் அதிகம் இடம்பெறுவதில்லை.

மர்யத்துக்கு வழிகாட்டிய அஸதின் வாழ்க்கையையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். லெம்பர்க் நகரில் 1900ஆம் ஆண்டு லியோபோல்ட் வெய்ஸாகப் பிறந்த அவர், 1926இல் பெர்லினில் இஸ்லாத்தைத் தழுவினார். அடுத்த ஆண்டு மனைவி எல்சாவோடு மக்கா சென்றார். வந்த சில நாள்களிலேயே மனைவியை அங்கே அடக்கம் செய்தார். 1932 வரை அரபு நாட்டில் வாழ்ந்தார், இந்தியா வந்தார், இரண்டாம் உலகப்போரின்போது எதிரிநாட்டவர் எனச் சிறைமுகாமில் ஆறாண்டு கழித்தார், பாகிஸ்தான் பிறந்தபின் ஐக்கிய நாடுகள் அவையில் அதன் பிரதிநிதிகளுள் ஒருவரானார். பின்னர் அந்நாட்டையும் விட்டு விலகி, மொராக்கோவில் வாழ்ந்து, 1992இல் ஸ்பெயினில் மறைந்தார். அவர் பத்திரிகையாளர்; அரபு மொழி கற்றவர்; ஒட்டகத்தில் தனியே பாலைவனம் கடந்தவர்; ஓரிடம் பொருந்தாதபோது மற்றோரிடம் செல்ல இயன்ற ஆண். மர்யத்துக்கு அந்த வாயில் இல்லை. அஸதின் நூலைப் படித்து அவர் கப்பலேறலாம். அஸதைப்போல் அடுத்த ஊருக்குப் புறப்பட இயலாது.

ஆயினும் அவர் நின்றார். 1963 ஆகஸ்டில் ஜமாஅத் ஊழியரான முஹம்மது யூசுஃப் கானை மணந்தார். அவருக்கு ஏற்கெனவே மனைவியும் மக்களும் இருந்தனர். இரண்டாண்டுகளுக்கு முன்புதான் அயூப்கான் அரசின் குடும்பச் சட்டம் இரண்டாம் திருமணத்துக்கு நடுவர் குழுவின் இசைவு வேண்டும் என விதித்திருந்தது. மௌதூதியும் ஆலிம்களும் அதனை வன்மையாக எதிர்த்து வந்த நேரம் அது. அரசியல் மேடையில் வாதமாக இருந்த பொருள் மர்யத்துக்குக் குடியிருக்கும் வீடாயிற்று. மூத்தவளும் இளையவளும் பகையின்றி வாழ்ந்தனர். மர்யம் பெற்ற மக்களை வளர்ப்பதில் மூத்தவளின் கையே ஓங்கியிருந்தது. மர்யம் எழுதினார். கணவர் அவர் நூல்களை அச்சிட்டு வெளியிட்டார். எல்லாம் ஆங்கிலத்திலேயே. அவை பல நாடுகளுக்குப் போயின. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டன. மௌலானாவின் அழைப்பு செய்துகொடுக்காததை, சக்களத்தியாக வந்தவளுக்கு இடம்விட்ட ஒரு லாகூர் இல்லத்தரசி செய்துகொடுத்தார் என்றால் அது மிகையாகாது. மதீனாவின் அன்சாரிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அம்மையாரும் நினைவுக்கு வருகிறார்.

வரலாறு எழுதுவோர்க்கு இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மர்யம் தம் பெற்றோர்க்கு எழுதிய கடிதங்களே அவர் லாகூர் வாழ்வுக்கு முதன்மைச் சான்று. அவற்றைப் பிற்காலத்தில் நூலாக்கியவர் அவரே. பேக்கரோ அக்கடிதங்களைத் தம் நூலில் சுருக்கியும் தம் நடையில் திருப்பி எழுதியும் தந்துள்ளார். அதனை நூலின் இறுதியில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே அந்நூலில் மர்யத்தின் குரலெனக் கேட்பது முழுதும் மர்யத்தின் குரலன்று. நம்மவர்கள் அவரை மாசற்ற முன்மாதிரியாக்கி எழுதியவையும், மேலைநாட்டார் அவரைப் புதிராக்கி எழுதியவையும் ஒரே குறையுடையன. லாகூரின் சந்து ஒன்றில் மாமியார், நாத்தனார், பிள்ளைகள் நடுவே பிறமொழி கற்றுத் திணறிய ஒரு பெண்ணை இருசாராரும் காணவில்லை.

ஸல்மானின் உரிமையை மர்யமும் ஒருநாள் எடுத்துக்கொண்டார். தம்மை அழைத்தவரின் சிந்தனையையே ஆராய்ந்து, இஸ்லாத்தை ஓர் அரசியல் இயக்கமாகவும் புத்துலகத் திட்டமாகவும் விளக்குவதில் மேலைநாட்டுச் சாயல் படிந்துள்ளது என்று 1987இல் ஒரு கட்டுரையில் எழுதினார். பழமையான மரபும் தஸவ்வுஃபும் பேணிய அறிஞர்களின்பால் அவர் மனம் சாய்ந்தது. அக்கருத்தை ஏற்போரும் மறுப்போரும் இருக்கலாம். விருந்தாளியாக வந்தவர் கால் நூற்றாண்டில் வீட்டாராகிவிட்டார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அப்போது மௌலானா உயிருடன் இல்லை. அமெரிக்காவில் மருத்துவராக இருந்த மகனிடம் சிகிச்சைக்குச் சென்றவர், 1979 செப்டம்பர் 22இல் பஃபலோ நகரில் காலமானார். மர்யம் பிறந்த அதே நியூயார்க் மாநிலத்து ஊர் அது. அவருடைய உடல் லாகூருக்குக் கொண்டுவரப்பட்டு இச்சரா வீட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

மர்யம் ஜமீலா 2012 அக்டோபர் 31இல் லாகூரில் மறைந்தார். அவருடைய கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் சிறுவயதுச் சித்திரங்களும் இன்று நியூயார்க் பொதுநூலகத்தில் பெட்டிகளில் அடுக்கப்பட்டுள்ளன. பேக்கர் தம் நூலை எழுதத் தொடங்கியது அந்தப் பெட்டிகளில் ஒன்றைத் திறந்தபோதுதான்.