இடைவெளிக் கடவுள்

அறிவியல் இன்னும் விளக்காத ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டி, அதையே கடவுள் இருப்பதற்குச் சான்றாக வைக்கும் வாதம் இடைவெளிக் கடவுள் வாதம் எனப்படும். நாத்திகர்களின் கேலியால்தான் இந்த வாதத்துக்குக் கெட்ட பெயர் வந்தது என்று பலர் நினைப்பதுண்டு. வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. இதை மிகக் கடுமையாக எதிர்த்தவர்களில் பலர் ஆழ்ந்த இறைநம்பிக்கை கொண்டவர்கள்.

ஐசக் நியூட்டன் 1687இல் 'பிரின்சிப்பியா'வை வெளியிட்டபோது, கோள்கள் சூரியனைச் சுற்றும் விதம் ஒரே ஈர்ப்பு விதிக்குள் அடங்கியது. ஆனால் கோள்கள் ஒன்றையொன்றும் இழுக்கின்றன. அந்தச் சின்னஞ்சிறு இழுப்புகள் காலப்போக்கில் சேர்ந்துகொண்டே போனால் ஒருநாள் சூரியக் குடும்பமே சீர்திருத்தம் வேண்டி நிற்கும் என்று 'ஆப்டிக்ஸ்' நூலில் பின்னர் சேர்த்த வினாக்களில் நியூட்டன் எழுதினார். சீர்திருத்த வேண்டியவர் படைத்தவர்தான் என்றே அவர் காலத்தவர் அதைப் புரிந்துகொண்டார்கள்.

ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் கொதித்தார். 1715இல் வேல்ஸ் இளவரசி கரோலினுக்கு எழுதிய கடிதத்தில், அவ்வப்போது கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, பழுதும் பார்க்க வேண்டிய கடவுள் தேர்ந்த கைவினைஞர் ஆவாரா என்று கேட்டார். நியூட்டனின் தரப்பை இறையியலாளர் சாமுவேல் கிளார்க் எடுத்துப் பேசினார். 1716 நவம்பரில் லைப்னிட்ஸ் இறக்கும்வரை கடிதப் போர் நீடித்தது. இரு தரப்பினரும் ஆத்திகர்கள். எது கடவுளுக்குப் பெருமை என்பதில்தான் சண்டை.

நியூட்டன் விட்ட இடத்தைக் கணக்கு நிரப்பியது. பழைய வானியல் பதிவுகளோடு ஒப்பிட்டால் வியாழனின் வேகம் கூடிக்கொண்டும் சனியின் வேகம் குறைந்துகொண்டும் வருவதாகத் தெரிந்தது. வியாழன் ஐந்து முறை சுற்றும் காலமும் சனி இரண்டு முறை சுற்றும் காலமும் ஏறக்குறைய ஒன்று. அதனால் இழுப்புகள் நெடுங்காலம் ஒரே திசையில் சேர்ந்து, பிறகு எதிர்த்திசைக்குத் திரும்புகின்றன என்று 1780களின் நடுவில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் காட்டினார். சுமார் 900 ஆண்டுக்கால ஊசலாட்டம் அது. கடவுள் என்ற கருதுகோள் தனக்குத் தேவைப்படவில்லை என்று அவர் நெப்போலியனிடம் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. 1802இல் அவர்கள் உரையாடியபோது உடனிருந்த வானியலாளர் வில்லியம் ஹெர்ஷலின் நாட்குறிப்பில் அந்த வாக்கியம் இல்லை. கோள்களின் அமைப்பையும் நிலைப்பையும் இயற்கைக் காரணங்களின் தொடரே விளக்கும் என்று லாப்லாஸ் வாதிட்டதாக மட்டும் இருக்கிறது.

நியூட்டனின் கவலையை வெறும் அச்சம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பிரெஞ்சு வானியலாளர் ழாக் லாஸ்கர் 2009இல் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து, அடுத்த 500 கோடி ஆண்டுகளுக்கான 2,501 கணினிக் கணக்கீடுகளை வெளியிட்டார். சுமார் 1 சதவீதத்தில் புதனின் பாதை ஆபத்தான அளவுக்கு நீண்டது. கேள்வி சரியானதுதான். விடை அதே ஈர்ப்பு விதிக்குள்ளேயே இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எதிர்ப்புக் குரல் தேவாலயத்துக்குள்ளிருந்தே எழுந்தது. ஸ்காட்லாந்துச் சமயப் பரப்பாளர் ஹென்றி டிரம்மண்ட் 1894இல் வெளியான 'தி அசென்ட் ஆஃப் மேன்' நூலில், அறிவியலின் ஓட்டைகளைத் தேடித் தேடி அங்கே கடவுளைக் குடியமர்த்தும் பக்தர்களைக் கண்டித்தார். பரிணாமம் முழுவதிலும் கடவுள் இருக்கிறார், விடுபட்ட இடங்களில் மட்டுமல்ல என்பது அவர் நிலை.

இந்த வரிசையில் நெஞ்சைத் தொடுபவர் டீட்ரிஹ் போன்ஹோபர். ஹிட்லருக்கு எதிரான சதியில் தொடர்புடைய இந்த ஜெர்மன் லூத்தரன் போதகர், பெர்லினின் டேகல் சிறையில் இயற்பியலாளர் வைட்ஸெக்கரின் நூலைப் படித்தார். 1944 மே 29 அன்று நண்பர் பெத்கேவுக்கு எழுதிய கடிதத்தில் அதன் விளைவு தெரிகிறது. அறிவின் எல்லை விரிய விரிய, அதற்கு அப்பால் வைக்கப்பட்ட கடவுளும் பின்வாங்கிக்கொண்டே இருக்க நேரும். தெரியாதவற்றில் அல்ல, தெரிந்தவற்றில்தான் கடவுளைக் காண வேண்டும் என்று எழுதினார். அறிவியலோடு அவர் நிற்கவும் இல்லை. துன்பத்துக்கும் மரணத்துக்கும் குற்றவுணர்வுக்கும் இதையே பொருத்தினார். மரணம் அருகில் இருந்த ஒரு கைதி, வாழ்வின் நடுவில் அறியப்பட வேண்டிய கடவுளைப் பற்றி எழுதினார் என்பதை மறந்துவிட்டு அந்தக் கடிதத்தைப் படிக்க முடியாது. 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் வதைமுகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

ஆக்ஸ்ஃபோர்டு கணிதப் பேராசிரியரும் மெதடிஸ்ட் போதகருமான சார்லஸ் கூல்சன் 1955இல் இதே கருத்தை ஆய்வாளர்களுக்கான அறிவுரையாக்கினார். அறியாத ஒன்றை எதிர்கொண்டால் கடவுள் கிடைத்துவிட்டார் என்று மகிழ வேண்டாம், இன்னும் நல்ல விஞ்ஞானி ஆகுங்கள் என்றார்.

கத்தோலிக்கப் பாதிரியார் ஜார்ஜ் லெமெத்ர் அப்படித்தான் நடந்தார். பிரபஞ்சம் விரிவடைகிறது என்பதை 1927இல் எழுதியவர் அவர். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் பிரபஞ்சத் தோற்றக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சாட்சியாகப் பேசியது அவருக்கு உவப்பாக இல்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

பழைய வாதம் மறையவில்லை. பாக்டீரியாவின் கசையிழை படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்று உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி 1996இல் எழுதினார். இத்தகைய வாதத்தைப் பள்ளி அறிவியல் வகுப்பில் கொண்டுவரலாமா என்பது பற்றிய பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில் அவர் சாட்சியமும் அளித்தார். அந்த வாதம் அறிவியல் அல்ல என்று 2005 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தத்துவத்தில் விவாதம் இடம் மாறிவிட்டது. ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் 1979இல் வெளியிட்ட 'தி எக்ஸிஸ்டன்ஸ் ஆஃப் காட்' அறிவியலின் தோல்விகளை நம்பவில்லை. அறிவியல் இவ்வளவு விளக்குகிறதே, அதற்கு இடம்தரும் விதிகளின் ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டது. இது ஒரு சோதனையால் நாளை மூடப்படும் வகைக் கேள்வி அல்ல. எந்த விளக்கமும் தான் எடுத்துக்கொண்ட விதிகளையே விளக்க முடியாத இடத்தில் பிறப்பது. எங்காவது விளக்கம் நிற்கத்தான் வேண்டும் என்றால் அது விதிகளிலேயே நிற்கட்டுமே என்பது நாத்திகத் தத்துவவாதி ஜே. எல். மேக்கியின் மறுப்பு. 1982இல் 'தி மிராக்கிள் ஆஃப் தீயிஸம்' நூலில் அது விரிவாக வெளிவந்தது. மேக்கி அதற்கு முந்தைய டிசம்பரிலேயே காலமாகியிருந்தார். இருவர் பக்கத்திலும் இன்றும் தத்துவவாதிகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.