இந்துமதி கதிரேசன்

இந்துமதி கதிரேசன் (பிறப்பு: 5 ஜூன் 1994) கடலூரில் பிறந்த கால்பந்து வீராங்கனை, இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர்.

கோல் அடிப்பது முன்கள வீராங்கனைகளின் வேலை என்ற எண்ணத்தை 2019 மார்ச்சில் நேபாளத்தின் விராட்நகரில் நடந்த தெற்காசியக் கோப்பையில் உடைத்துக் காட்டினார். வங்காளதேசத்துக்கு எதிரான அரையிறுதியில் மட்டும் இரண்டு கோல்கள். தொடர் முழுவதும் நான்கு. அந்தத் தொடரில் இலங்கையையும் வென்ற இந்தியா, இறுதியில் நேபாளத்தை 3-1 என வீழ்த்திக் கோப்பையைத் தக்கவைத்தது.

அதே ஆண்டு மே மாதம் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றபோதும் அவர் களத்தில் இருந்தார். தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை.

பின்னர் ஒடிசா எஃப்.சி.க்காக ஆடி 2023-24 லீக் பட்டத்தையும் வென்றார். அந்தப் பருவத்தின் சிறந்த வீராங்கனையாக அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரைத் தேர்ந்தெடுத்தது.